களையெடுப்பு, உளுந்து, செமஸ்டர்: டெல்டாப் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

எனக்கு ஊர் குடவாசல் பக்கம். கும்பகோணத்தில் பி.காம். படித்தேன், இப்போது அங்கேயே ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. செமஸ்டர் நெருங்கினால் எங்கள் தெருப் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹாஸ்டலில் இருந்துகொண்டு லைப்ரரிக்குப் பக்கத்திலேயே படிப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. வயலும் மாடும் உள்ள வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போகிறவர்களுக்குத்தான் இது.

முதல் வேலை, வீட்டோடு ஓர் ஏற்பாடு. நம் பக்கம் செமஸ்டர் எப்போது வருகிறது என்று பாருங்கள். ஒன்று நவம்பரில்: சம்பாவுக்குக் களையெடுப்பு, உரம், கூடவே அடைமழை. இன்னொன்று ஏப்ரலில்: உளுந்தும் பயறும் பிடுங்கி, காயவைத்து, அடித்துத் தூற்றுகிற சமயம். எல்லாரும் வெயிலில் நிற்கும்போது ஒருத்தி மட்டும் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்த நாளில் என்ன பரீட்சை என்று அவர்களுக்கு யார் சொன்னது?

அதனால் டைம்டேபிள் வந்த அன்றைக்கே அதைத் தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தேதி, கிழமை, காலையா மதியமா, அவ்வளவு போதும். பாடத்தின் பேர் அப்பாவுக்கு வேண்டாம். ஒட்டும்போதே பேச்சையும் முடித்துவிடுங்கள். "காலையில தண்ணி புடிச்சு வெச்சு, பாத்திரமும் கழுவிடுறேன்மா. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் களத்துக்குக் கூப்பிடாத" என்று கேட்டால் பெரும்பாலான அம்மாக்கள் சரி என்பார்கள். ஒரு வேலையும் செய்ய மாட்டேன் என்றால்தான் சண்டை. யாராவது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாலும் அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பார். பையன்களும் இதைச் செய்யலாம், தப்பில்லை. "நான் ஆம்பளப் புள்ள, கேக்காமலே விட்டுடுவாங்க" என்கிற வீடுகளில் தங்கச்சியின் தேதிகளையும் அதே தாளில் எழுதுங்கள்.

இடம், வெளிச்சம். நவம்பர் ராத்திரியில் ட்யூப்லைட் போட்டால் ஒன்று ஈசல் வரும், இல்லையென்றால் வயலிலிருந்து பச்சைப்பூச்சி வரும். சட்டைக்குள் போகும், நோட்டில் ஒட்டும், சோற்றில் விழும். விளக்குக்குக் கீழே அகலமான தட்டில் தண்ணீர் வைத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் அதோடு மல்லுக்கட்டுவதைவிட எட்டரைக்கே சாப்பிட்டுப் படுத்து, நாலு மணிக்கு எழுந்துவிடுவது மேல் என்பது என் கட்சி. விடியற்காலையில் பூச்சியும் குறைவு, டிவி சத்தமும் இல்லை. எமர்ஜென்சி லைட்டைப் பகலிலேயே சார்ஜ் போட்டு வையுங்கள். மழைநாளில் கரண்டு எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விடிய விடியக் கண் விழிப்பது வீரம் இல்லை. படித்தது மூளையில் படிவதே தூங்கும்போதுதான். காபி குடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. ராத்திரி ஒன்பதுக்கு ஒரு டபராக் காபி குடித்தால், இரண்டு மணிக்கும் அரை டபரா உள்ளே உட்கார்ந்திருக்கும். டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு காபியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, நாலு மணிக்கு மேல் மட்டும் வேண்டாம்.

இனி படிப்பு. பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருகிற புகார் ஒன்றுதான்.

"அக்கா, எல்லாம் படிச்சுட்டேன். ஆனா ஹால்ல உக்காந்தா மறந்துபோகுது."

"படிச்சியா, பாத்தியா?"

மறந்துபோவதில்லை, ஏறவே இல்லை. நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டும்போது பக்கம் பழகிவிடும், எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கையில் பேனா, முன்னால் வெள்ளைத்தாள், நோட்டு மூடியிருக்கிறது என்கிற நிலையில்தான் ஓட்டை தெரியும்.

போன தடவை வந்த பெண்ணுக்கு மறுநாள் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ். கூட்டு வியாபாரம் கலையும்போது கூட்டாளிகளில் ஒருவர் நொடித்துப்போனால் என்ன செய்வது என்ற கணக்கு, கார்னர் எதிர் மர்ரே வழக்கின் விதி. நன்றாகத் தெரியும் என்றாள். நோட்டை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, "எழுது" என்றேன். சொத்தை விற்றுக் கடனைத் தீர்ப்பதைக் காட்டுகிற ரியலைசேஷன் கணக்கு பிசகில்லாமல் வந்தது. கேப்பிட்டல் கணக்குக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நொடித்தவரின் பற்றாக்குறையை மற்றவர்கள் லாபப் பங்கு விகிதத்தில் சுமக்க வேண்டுமா, மூலதன விகிதத்தில் சுமக்க வேண்டுமா? நோட்டைக் கொடு என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. இரண்டு நிமிஷம் முழித்துவிட்டு, "மூலதன விகிதம்" என்றாள். கலைப்பதற்கு முன்னால் இருந்த மூலதனமா, அதற்குப் பிறகா என்றேன். அங்கே மறுபடி நின்றாள். அப்போதுதான் நோட்டைத் திறந்து காட்டினேன்: கலைப்புக்குச் சற்று முன்னால் இருந்த மூலதனம். கலைப்பில் வந்த நஷ்டத்தில் தன் பங்கை ஒவ்வொருவரும் ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும் என்பதும் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அந்த முழிப்புதான் படிப்பு. முழித்து, தப்பாகவாவது ஒரு பதில் சொல்லி, அப்புறம் பார்த்தது லேசில் போகாது.

அதனால் ஒரு யூனிட்டை ஒரு தடவை புரிந்து படியுங்கள், மூடுங்கள், எழுதுங்கள். விட்டதைச் சிவப்பு மையில் குறியுங்கள். மறுநாள் சிவப்பை மட்டும், மூன்று நான்கு நாள் கழித்து இன்னொரு முறை. தியரி தாளுக்கும் இதேதான். முழு விடையும் எழுத வேண்டாம், தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும். கேள்விகளைப் பழைய கொஸ்டின் பேப்பர்களிலிருந்து எடுங்கள். ஜெராக்ஸ் கடையில் 'கண்டிப்பாக வரும்' என்று விற்கிற கட்டு விடைகளை நம்பி மூன்று யூனிட்டைக் கைகழுவாதீர்கள்.

தமிழ், இங்கிலீஷ் தாள்களைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜனே கணக்கிலேயே மூழ்கி, மற்ற பாடங்களை விட்டு, உதவித்தொகையைத் தொலைத்தார். அவரைப் பிற்பாடு கேம்பிரிட்ஜ் கூப்பிட்டது. நம்மை அரியர் ஃபீஸ் கட்டச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

மழை லீவு விஷயத்தில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். டிவியில் 'விடுமுறை' என்று ஓடினால் மூன்றைப் பாருங்கள். எந்த மாவட்டம்? பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்குமா? பரீட்சை தள்ளிவைத்ததாகப் பல்கலைக்கழகம் சொல்லியிருக்கிறதா? எங்கள் குடவாசல் திருவாரூர் மாவட்டம், கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம். திருவாரூர் கலெக்டர் விட்ட லீவை நம்பிப் போர்த்திப் படுத்தால் கும்பகோணத்தில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். திருவாரூர் தேர், மயிலாடுதுறைக் கடைமுழுக்கு என்று விடுகிற உள்ளூர் விடுமுறைக்கும் இதே எச்சரிக்கை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கடலோர ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் இல்லாதவருக்கு எந்தக் குரூப் மெசேஜும் உதவாது. துறைத் தலைவர் நம்பர், கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தோழியின் நம்பர், இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள்.

பரீட்சை நாளில் பெண் பிள்ளைகள் கட்டணமில்லா டவுன் பஸ்ஸுக்காக நிற்க வேண்டாம். நாச்சியார்கோவில் வருவதற்குள் படிக்கட்டு வரை பிதுங்கும், சில நிறுத்தங்களில் நிற்கவே நிற்காது. அன்றைக்கு மட்டும் காசு கொடுத்துத் திருவாரூரிலிருந்து வருகிற மொபசல் பஸ்ஸில் ஏறுங்கள், அதுவும் வழக்கமான பஸ்ஸுக்கு ஒரு பஸ் முன்னால். ஹால் டிக்கெட்டும் ஐடி கார்டும் பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். ஈரப்பாவாடையோடு மூன்று மணி நேரம் உட்காருவது கொடுமை. பையில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாலுக்குள். நம் பக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் 75 மார்க், 3 மணி நேரம்: இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. நான் பிரிப்பது இப்படி: இரண்டு மார்க்குகளுக்கு 25 நிமிடம், ஐந்து மார்க்குகளுக்கு 55, பத்து மார்க்குகளுக்கு 80, மிச்சம் 20 நிமிடம் சரிபார்க்கவும் அடிஷனல் ஷீட் கட்டவும். இரண்டு மார்க் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதி நேரத்தைக் கொட்டுகிறவர்கள்தான் கடைசிப் பத்து மார்க்கை விட்டுவிட்டு வருகிறார்கள். கணக்கு டேலி ஆகாவிட்டால் அங்கேயே குந்திக்கொள்ளாதீர்கள். ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, அடுத்ததற்குப் போங்கள். இன்டர்னல் கைகொடுக்கும் என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். எழுத்துத் தேர்வில் தனியாக ஒரு பாஸ் மார்க் எடுத்தே ஆக வேண்டும்.

வெளியே வந்ததும் மரத்தடியில் கூடி விடை சரிபார்க்கிற கூட்டத்தில் நிற்காதீர்கள். அடுத்த தாள் கெடும்.

சில பிள்ளைகளுக்கு இது வெறும் பயமாக இருக்காது. சோறு இறங்காது, தூக்கம் வராது, 'இருந்து என்ன' என்று தோன்றும். முதல் பட்டதாரி, அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறார் என்கிற பாரம் எனக்கும் தெரியும். அப்படித் தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் முடியாதென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, அல்லது சுகாதார உதவி எண் 104. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ரிசல்ட் பார்க்கப் பதிவு எண் வேண்டும். மார்க் குறைவாகத் தோன்றினால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் ரிசல்ட் வந்தபின் அதற்கு விடுகிற அவகாசம் குறைவு. கடைசித் தேதியைக் கல்லூரி ஆபீசில் கேட்டு, காலண்டர் பக்கத்துத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.