நீஸிலிருந்து அரைநாள்: தனிக் கார் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், நீஸ் நகரத்துக்கும் இத்தாலிய எல்லைக்கும் நடுவே, ஆல்ப்ஸ் மலைகள் மத்தியதரைக் கடலை ஒட்டிச் செங்குத்தாக இறங்குகின்றன. சமவெளி என்று சொல்ல அங்கே இடமே இல்லை. அதனால் கார்னிஷ் எனப்படும் சாலைகளை மலைச்சரிவிலேயே மூன்று அடுக்குகளாக வெட்டியிருக்கிறார்கள். கீழ் கார்னிஷ் கடலோர ஊர்களின் வழியே செல்கிறது. நடு கார்னிஷ் ஏஸ் என்னும் மலைக் கிராமத்தைத் தொட்டுச் செல்கிறது. பழைய ரோமானியச் சாலையை ஒட்டி நெப்போலியன் காலத்தில் அமைக்கப்பட்ட மேல் கார்னிஷ், கடலிலிருந்து 500 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. இந்த மூன்றையும் ஒரே காலையில் ஒரு காரில் பார்த்துவிடலாம் என்று நம்பிப் பணம் கட்டுவதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. சாலை அமைப்பைத் தெரிந்துகொண்டு பதிவு செய்தால், அதே கட்டணத்தில் மறக்க முடியாத ஒரு பயணம் கிடைக்கும்.

முதல் தவறு, அரைநாள் என்பதை ஊர்களின் எண்ணிக்கையால் அளப்பது. அரைநாள் சுற்றுலா பெரும்பாலும் 4 மணி நேரம். அந்தக் கணக்கு விடுதி வாசலில் கார் வந்து நிற்கும்போதே தொடங்கி, திரும்ப இறக்கிவிடும்போது முடிகிறது. நீஸிலிருந்து ஏஸுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம், அங்கிருந்து மொனாக்கோவுக்கு 20 நிமிடம், திரும்பி வர முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், ஓட்டத்துக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. வண்டி நிறுத்த இடம் தேடுவது, நிறுத்துமிடத்திலிருந்து நடப்பது, குடும்பத்தில் ஒவ்வொருவரும் கழிப்பறை சென்று வருவது ஆகியவற்றைக் கழித்தால், கையில் நிற்பது இரண்டு மணி நேரம். அது இரண்டு இடங்களை நிதானமாகப் பார்க்கப் போதும்; மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே கெடும். ஆனாலும் ஏஸ், மொனாக்கோ, மோன்டே கார்லோ, வில்ஃப்ரான்ஷ் ஆகியவற்றுடன் நீஸுக்கு மேற்கே இருக்கும் ஆன்டீப், கான் ஆகிய ஊர்களையும் சேர்த்து ஒரே அரைநாளில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் இரண்டு வேறு பயணங்கள். 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செயின்ட் திரோப்பேயைக் கோடைக்கால நெரிசலில் அரைநாளில் பார்த்துத் திரும்புவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

தனிக் காரின் உண்மையான பயன் வேகம் அல்ல. பேருந்தும் தனிக் காரும் ஒரே சாலையில், ஒரே நெரிசலில்தான் நிற்கின்றன. நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்வதும், பிடிக்காத இடத்தை விட்டுவிடுவதும்தான் தனிக் காருக்கு மட்டும் உள்ள வசதி. மணிக்கணக்கோடு அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை ஒப்புக்கொண்டு, அதை ஓட்டுநரும் நாமும் வரி பிசகாமல் கடைப்பிடித்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் வீணாகிறது.

இரண்டாவது தவறு, திசையையும் வெளிச்சத்தையும் எண்ணாமல் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பதிவு செய்யும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. நீஸிலிருந்து கிழக்கே மொனாக்கோவை நோக்கிச் செல்லும்போது கடலும் வலப்பக்கமே இருக்கிறது. ஆகவே நமக்கும் கடலுக்கும் இடையே எதிர்வண்டிகள் குறுக்கிடுவதில்லை. காட்சி முனைகளில் ஒதுங்கி நிறுத்துவதும் எளிது. திரும்பி வரும்போது அதே முனைகள் எதிர்த்தடத்துக்கு அப்பால் போய்விடுகின்றன. வளைவுகள் நிறைந்த மலைச் சாலையில் எந்தப் பொறுப்புள்ள ஓட்டுநரும் அங்கே குறுக்கே திரும்ப மாட்டார். எனவே, போகும்போது நடு கார்னிஷிலோ மேல் கார்னிஷிலோ சென்று நிறுத்தங்களை முடித்துக்கொண்டு, திரும்பும்போது நிறுத்தாமல் வருவதே சரியான வரிசை. வலப்பக்க இருக்கையை யாருக்குக் கொடுப்பது என்பதைக் காரில் ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளிச்சமும் அப்படித்தான். வில்ஃப்ரான்ஷ் வளைகுடாவையும் அதன் மறுகரையில் நீண்டிருக்கும் கேப் ஃபெரா தீபகற்பத்தையும் நடு கார்னிஷிலிருந்து பார்க்கும்போது நாம் கிழக்கே பார்க்கிறோம். காலையில் சூரியன் எதிரே நிற்பதால் கடல் வெறும் வெள்ளிப் பளபளப்பாகத் தெரியும். பிற்பகலில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் போனதும், இந்தக் கடற்கரைக்கு நீலக்கரை என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயரிட்டது ஏன் என்று புரியும். மாறாக, நீஸின் கோட்டைக் குன்றிலிருந்து மேற்கே 7 கிலோமீட்டர் நீளும் கடலோர நடைபாதையைப் பார்ப்பதற்குக் காலைதான் நல்லது. ஆக, காலையில் நீஸைக் காலாற நடந்து பார்த்துவிட்டுக் காரைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளும்படியே நான் எல்லோரிடமும் சொல்கிறேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. மொனாக்கோ அரண்மனை வாசலில் நாள்தோறும் காலை 11.55 மணிக்கு நடக்கும் காவலர் மாற்றத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், காலைப் பயணம்தான் வழி. அப்போது ஏஸில் செலவிடும் நேரம் குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏஸ் கிராமத்தைப் பற்றிய தவறு முதியவர்களைத்தான் வருத்துகிறது. அம்மாவை அழைத்துச் சென்ற முதல் பயணத்தில் நானும் அந்தத் தவறைச் செய்தேன். கிராமம் கடலிலிருந்து 400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஒரு பாறை முகட்டைச் சுற்றிக் கட்டப்பட்டது. வண்டிகள் கீழ் நிறுத்துமிடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே எல்லாம் காலடி தேய்த்து வழுவழுப்பாக்கிய கற்பாதையும் படிக்கட்டும்தான். உச்சியில், பழைய கோட்டையின் இடிபாடுகளைச் சுற்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவாக்கப்பட்ட கள்ளித் தோட்டம் இருக்கிறது. கட்டணம் கொடுத்து நுழைய வேண்டிய அந்தத் தோட்டத்திலிருந்து தெரியும் கடல்தான் ஏஸின் உயிர். கார் மேலேயே போகும் என்று நம்பிச் சாதாரணச் செருப்போடு வந்திருந்த அம்மா, முழங்கால் வலியால் பாதி வழியில் ஒரு கல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டு நாங்கள் மேலே ஏறியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூட்டுவலி உள்ளவர்கள் உடன் வருகிறார்கள் என்றால், ஏஸுக்குப் பதிலாக மேல் கார்னிஷில் உள்ள லா துர்பி ஊரைக் கேளுங்கள். ஆல்ப்ஸ் மலைப் பழங்குடிகளை அகஸ்டஸ் பேரரசர் வென்றதன் நினைவாகக் கி.மு. 6ஆம் ஆண்டுவாக்கில் எழுப்பப்பட்ட வெற்றிச் சின்னம் அங்கே நிற்கிறது. முழு உயரம் மிஞ்சவில்லை என்றாலும், எஞ்சிய வெள்ளைத் தூண்களே 35 மீட்டர் உயரத்துக்கு மலைமேல் எழுந்து நிற்கின்றன; கீழே மொனாக்கோ முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கியதுபோல் தெரிகிறது. ஏஸுக்குப் போகும் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினரே இங்கே வருகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

மொனாக்கோவின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சிறிய நாட்டை ஒரு சுற்றில் பார்த்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது செங்குத்தான நாடு. அரண்மனையும், இளவரசி கிரேஸ் அடக்கம் செய்யப்பட்ட பேராலயமும், 1910இல் திறக்கப்பட்ட கடலியல் அருங்காட்சியகமும் ஒரு பாறைமேட்டில் இருக்கின்றன. வெளியூர் வண்டிகள் அந்தப் பழைய நகருக்குள் ஏற அனுமதி இல்லை என்பதால், பாறைக்குள் குடைந்த நிறுத்துமிடத்தில் காரை விட்டு மின்தூக்கியில் மேலே செல்ல வேண்டும். கட்டடக் கலைஞர் கார்னியே வடிவமைத்த புகழ்பெற்ற சூதாட்ட மாளிகையோ துறைமுகத்துக்கு அந்தப்புறம், மோன்டே கார்லோவில் இருக்கிறது. ஒன்றை இறங்கி நடந்து பாருங்கள், மற்றதைக் காரிலிருந்து பாருங்கள். அரைநாளில் இரண்டையும் நடந்து பார்க்க முடியாது. சூதாட்ட மாளிகையை வேடிக்கை பார்க்க விரும்புவோருக்குக் காலை நேரமே ஒதுக்கப்பட்டுள்ளது. பிற்பகலில் ஆட்டம் தொடங்கிய பிறகு விதிகள் வேறு. ஃபார்முலா ஒன் பந்தயம் ஊர்ச் சாலைகளிலேயே நடப்பதால், அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தடுப்புகளும் பார்வையாளர் மேடைகளும் காட்சியை மறைக்கின்றன. நெடுங்காலமாக மே இறுதியில் நடந்துவந்த பந்தயம் 2026 முதல் ஜூன் தொடக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. அந்தப் பருவத்தில் மொனாக்கோவை விட்டுவிட்டு வில்ஃப்ரான்ஷையும் கேப் ஃபெராவையும் எடுத்துக்கொள்வது மேல்.

அடுத்தது, ஓட்டுநரையும் வழிகாட்டியையும் ஒருவரே என்று எண்ணிக்கொள்வது. பிரான்சில் வாடகைக்குத் தனிக் கார் ஓட்டுபவருக்கு ஒரு தொழில் அட்டை உண்டு. அருங்காட்சியகங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் விளக்கம் சொல்ல உரிமை பெற்ற வழிகாட்டிக்கு அதனினும் வேறான அட்டை உண்டு. முதல் அட்டை மட்டும் வைத்திருப்பவர் காரில் எவ்வளவு சுவையாகப் பேசினாலும், வெற்றிச் சின்னத்துக்குள்ளோ அருங்காட்சியகத்துக்குள்ளோ உடன் வந்து விளக்குவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. உள்ளே விளக்கம் வேண்டுமா என்பதைப் பதிவின்போதே சொல்லி, எந்த மொழியில் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதே மின்னஞ்சலில் கட்டணம் காருக்கா, தலைக்கா, வண்டி நிறுத்தக் கட்டணமும் நுழைவுச் சீட்டும் அதில் அடங்குமா, 4 மணி நேரத்தைத் தாண்டினால் எவ்வளவு என்பவற்றையும் கேட்டுவிட வேண்டும்.

ஏஸில் உள்ள வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் நிறுத்துவதைப் பல நிரல்களில் காணலாம். பார்வை இலவசம், விளக்கம் நேர்த்தி, முடிவில் கடை. அந்தக் கலையின் தாயகம் ஏஸ் அல்ல, மேற்கே மலையடிவாரத்தில் உள்ள கிராஸ் நகரம். அரைநாளில் அரை மணி நேரத்தை அதற்குக் கொடுப்பது என் கணக்கில் பெரிய விலை. வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் எந்த நல்ல நிறுவனமும் மறுக்காது.

கிழமையைப் பார்க்காமல் பதிவு செய்வதும் அடிக்கடி நடக்கிறது. லா துர்பி வெற்றிச் சின்னம் திங்களன்று மூடியிருக்கும். நீஸின் பழைய நகரில் கூர் சாலேயா சந்தையில் காய்கறி விற்பது திங்கள் தவிர மற்ற நாள்களின் காலையில் மட்டுமே. திங்களன்று அதே இடத்தில் பழம்பொருள்கள் விற்கப்படுகின்றன. ஓவியர்கள் மத்தீஸ், ஷகால் ஆகிய இருவரின் அருங்காட்சியகங்களுக்கும் செவ்வாய் விடுமுறை.

ஆவணங்களில் அலட்சியம் கூடாது. மொனாக்கோ தனி நாடு என்றாலும் பிரான்சுடன் எல்லைச் சோதனை கிடையாது, ஷெங்கன் விசா வைத்திருப்பவர் தடையின்றிச் சென்று வரலாம். ஆனால் ஆர்வ மிகுதியால் மென்டோனைத் தாண்டி இத்தாலியின் வென்டிமிலியா வரை போய்த் திரும்பினால், 2015 முதல் பிரெஞ்சுக் காவல்துறை அந்த எல்லையில் சோதனை செய்து வருகிறது. கடவுச்சீட்டு விடுதியில் இருந்தால் அரைநாள் அங்கேயே முடிந்துவிடும். சொகுசுக் கப்பலில் வருபவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. வில்ஃப்ரான்ஷில் பெரிய கப்பல்கள் வளைகுடாவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வருகிறார்கள். படகு வரிசையில் போகும் நேரத்தை இரு முனையிலும் கழித்த பிறகே காருக்கு நேரம் சொல்ல வேண்டும். தனியாக அமர்த்திய கார் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உணவகங்களின் அடுக்களை பிற்பகல் 2 மணியோடு மூடிவிடுவதால், காலைப் பயணம் முடித்துப் பசியோடு வருபவர்கள் திண்டாடுகிறார்கள். சைவர்களுக்குச் சொக்கா இருக்கிறது: கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்து, பெரிய செப்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டு, மிளகு தூவித் தருவார்கள். பக்கத்திலேயே வைத்திருக்கும் பிசலாதியேர் என்னும் வெங்காய அடையில் நெத்திலி வகை மீன் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வளைவுச் சாலையில் வாந்தி வரும் குழந்தைக்கு வயிறு நிறைய ஊட்டிக் காரில் ஏற்ற வேண்டாம். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பிரெஞ்சுச் சட்டப்படி உரிய இருக்கை தேவை என்பதால், வயதையும் எடையையும் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக, புறப்பட்ட இடத்திலேயே பயணத்தை முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. மாலை நெரிசலில் மொனாக்கோவிலிருந்து நீஸுக்குக் காரில் ஊர்ந்து வரும் முக்கால் மணி நேரமும் நம் 4 மணி நேரத்துக்குள்தான் கழிகிறது. காரை மொனாக்கோவிலேயே அனுப்பிவிட்டு, அந்த நேரத்தையும் அங்கே செலவிடலாம். மலைக்குள் குடைந்து கட்டிய நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில் 25 நிமிடத்துக்குள் நீஸை அடைந்துவிடுகிறது. மேற்கே போகும்போது இடப்பக்க ஜன்னலில் அமர்ந்தால், சுரங்கங்களுக்கு இடையே வில்ஃப்ரான்ஷ் வளைகுடா இன்னொரு முறை, இம்முறை நீர்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து, கண்ணில் படும்.