மிகப் பெரிய பகா எண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணைப் பலரும் 'உலகின் மிகப் பெரிய பகா எண்' என்று எழுதினார்கள். அப்படி ஓர் எண் இருக்கவே முடியாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் என்றோ நிறுவிவிட்டார். அது அன்றுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது, அவ்வளவே. அதைவிடச் சிறிய பகா எண்களிலும் நாம் அறியாதவை எண்ணிலடங்கா.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2ᵖ − 1 என்பதும் பகா எண்ணாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இவ்வகை எண்களுக்குத் தம் பெயரையே தந்த மெர்சென்கூட 1644இல் வெளியிட்ட பட்டியலில் 67ஐச் சேர்த்துவிட்டு, 61ஐ விட்டுவிட்டார். 2⁶⁷ − 1 பகு எண் என்று 1876இல் கணிதவியலாளர் லூக்கா காட்டினார். அதன் காரணிகள் 19,37,07,721, 7,61,83,82,57,287 என்பதை 1903இல்தான் கோல் என்ற கணிதவியலாளர் கண்டுபிடித்தார். ஓர் எண் பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது ஃபெர்மா சோதனையில்தான். n என்பது ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2ⁿ⁻¹ஐ n ஆல் வகுக்க மீதி 1 வரும். ஆனால் மீதி 1 வந்துவிட்டது என்பதற்காக n பகா எண்ணாகிவிடாது. 2047ஐயே பாருங்கள்: 2¹¹ = 2048 என்பதால் அதை 2047ஆல் வகுக்க மீதி 1; 2046 = 11 × 186 என்பதால் 2²⁰⁴⁶க்கும் மீதி 1. இதே காரணத்தால், அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்கள் எல்லாமே, பகு எண்களும் உட்பட, இச்சோதனையில் தேறிவிடும். ஆகவே இவற்றுக்கு 2ஐ அடியாகக் கொண்டு சோதிப்பதில் பயனே இல்லை. மேலே சொன்ன எண்ணுக்கும் முதலில் 3ஐ அடியாகக் கொண்ட சோதனையே நடந்தது. லூக்கா–லெமர் சோதனை உறுதிசெய்த பிறகே அது பகா எண் என்று அறிவிக்கப்பட்டது.

அந்தச் சோதனையில் 4இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கு p என்றால், p − 2 படிகள் முடிந்ததும் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 31க்கு (2⁵ − 1) 4, 14, 8, 0 என்று மூன்றே படிகளில் முடிகிறது. 2047க்கோ ஒன்பதாவது படியில் 1736 நிற்கிறது. படிகளின் எண்ணிக்கையைத் தவறாக எண்ணினால் முடிவே பிழையாகிவிடும்.

இவற்றை எக்செல்லில் கணக்கிட முயல வேண்டாம். 2⁶⁷ − 1 என்று கொடுத்தால் அது முதல் 15 இலக்கங்களைக் காட்டிவிட்டு மீதி இடங்களைச் சுழியால் நிரப்பும். 2ஆல் வகுபடாத எண் இரட்டைப்படை எண்ணாகத் தோன்றும். கடைசி இலக்கம் வேண்டுமென்றால் தாளும் பேனாவும் போதும்: 13,62,79,841ஐ 4ஆல் வகுக்க மீதி 1, எனவே 2இன் அந்த அடுக்கு 2இல் முடியும், நான்கு கோடி இலக்க எண் 1இல் முடியும்.