உளைச் சேற்றில் மாட்டிய டிராக்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்களில் தண்ணீர் திறந்துவிட்டால் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கு பார்த்தாலும் சேடை ஓட்டும் வேலைதான், அதாவது நடவுக்கு வயலைச் சேறாக்கும் உழவு. புதிதாக டிராக்டர் வாங்கிய பையன்கள் படும் பாட்டைப் பார்க்கிறேன். அன்று நாங்கள் அடித்த அதே கூத்து. வண்டி மட்டும் புதிது. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) இல்லாமல் இறங்குவது, டீசல் பார்க்காமல் இறங்குவது எல்லாம் ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும். அவற்றை விடுங்கள்.

பின்சக்கரத்தில் கட்டை கட்டுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வண்டி உளையில் உட்கார்ந்ததும் வரப்பில் நிற்பவர்களில் ஒருவர் தென்னங்கட்டையோடு வந்துவிடுவார். இரண்டு பின்சக்கரங்களுக்கும் குறுக்கே வைத்துச் சங்கிலியால் கட்டு, முதல் கியரில் எடு, ஏறிவிடும் என்பார். சில சமயம் ஏறியும்விடும்; கெடுதலே அங்கேதான்.

சக்கரம் வழுக்கிக்கொண்டிருக்கும் வரை இன்ஜினின் விசை சேற்றில் வீணாகிறது, அவ்வளவுதான். கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டால், அதே விசை பின் ஆக்சிலைச் சுற்றி வண்டியைத் தூக்கும். முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழ ஒன்றிரண்டு விநாடி போதும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் ஓட்டுபவர் அடியில் கிடப்பார்.

போன போகத்தில் ஒரு பையனுக்கு முன்சக்கரம் இரண்டும் முழ உயரம் மேலே போய்விட்டன. சங்கிலி கழன்றதால் பிழைத்தான். வண்டி தொப்பென்று விழுந்து முன் ஆக்சில் வளைந்தது. முகத்தில் வழியும் சேற்றைத் துடைக்காமலேயே கேட்கிறான்: “அண்ணா, சங்கிலியை இன்னும் இறுக்கியிருக்க வேண்டுமோ?”

பின்னால் மாட்டியிருக்கும் உழவுக் கருவியான ரோட்டவேட்டரைக் கழற்றுங்கள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் சேற்றை மண்வெட்டியால் சரிவாக வெட்டிவிட்டு, ரிவர்சில் மெதுவாக எடுங்கள். ரிவர்சில் முன்பக்கம் அழுந்துமே தவிர எழும்பாது. அசையவில்லையென்றால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கி, இன்னொரு வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

டாப் லிங்கில் சங்கிலி மாட்டி இழுப்பது

டாப் லிங்க் என்பது பின்னால் கருவியை மேல்பக்கம் பிடித்திருக்கும் கம்பி. இதில் மாட்டி இழுத்தாலும் வண்டி அப்படியேதான் பின்னால் கவிழும். பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மாட்டுங்கள்.

சக்கரம் சுற்றும்போது டிஃபரன்ஷியல் லாக்கை மிதிப்பது

இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு அது; ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வழுக்கும்போது உதவும். இரண்டும் புதைந்த பிறகு பயனில்லை. சக்கரம் நின்ற பிறகே மிதிக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கையில் மிதித்தால் உள்ளே பல் உடையும். மிதித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது.

இழுக்க வந்த வண்டியையும் வயலில் இறக்குவது

மூன்றாவது வண்டிக்கு வாடகை எடுத்து வையுங்கள்.

நைலான் கயிறு

இழுபட்டு நீளும், அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். எதைக் கட்டி இழுத்தாலும், வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் விரட்டிவிட்டு இழுங்கள்.