கெமிக்கல் இன்ஜினியரிங் பிஎச்டி: குவாலிஃபையருக்கும் கேண்டிடசிக்கும் தயாராவது எப்படி

அமெரிக்காவில் கெமிக்கல் இன்ஜினியரிங் பிஎச்டி சேர்ந்தால், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கும். குவாலிஃபையரில் உங்கள் அடிப்படை எவ்வளவு உறுதி என்று பார்ப்பார்கள். கேண்டிடசியில் நீங்கள் செய்யப்போகும் ஆராய்ச்சியைக் கமிட்டி, அதாவது உங்களை மதிப்பிடும் பேராசிரியர் குழு, முன்னால் வைத்து, இது செய்யத்தக்கது, என்னால் செய்ய முடியும் என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். சில துறைகளில் எழுத்துத் தேர்வு, சிலவற்றில் வாய்மொழி, இன்னும் சிலவற்றில் முதல் வருடப் பாடங்களின் மதிப்பெண்ணே குவாலிஃபையர். பெயரும் இடத்துக்கு இடம் மாறும், ஓரிடத்தில் கேண்டிடசி என்பதை இன்னோரிடத்தில் பிரிலிம் என்பார்கள். அதனால் சேர்ந்த முதல் வாரமே துறையின் ஹேண்ட்புக்கை எடுத்து எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும், எத்தனை வாய்ப்பு, தேறாவிட்டால் மாஸ்டர்ஸோடு வெளியேற வேண்டுமா என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். சீனியர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம், அவர் எழுதிய பிறகு விதி மாறியிருக்கலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். பாடங்கள் எங்கும் ஏறக்குறைய அதேதான்: தெர்மோடைனமிக்ஸ், ட்ரான்ஸ்போர்ட் (ஓட்டம், வெப்பம், பொருள் நகர்வது), கைனெடிக்ஸும் (வினைவேகம்) ரியாக்டர் டிசைனும், கொஞ்சம் கணிதம். நான் மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தேன், நோட்டு நோட்டாக எழுதினேன், முதல் முறை தேறவில்லை. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் வினையூக்கி உருண்டையை, அதாவது கேட்டலிஸ்ட் பெல்லட்டை, வைத்துக் கேட்டது இதுதான்: "கேட்டலிஸ்ட் பெல்லட்டின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினேன், ஒரு கிராமுக்கான வினைவேகம் பாதியாகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது?" வினைவேகத்தைப் பரவல் வேகத்தோடு ஒப்பிடும் எண்ணான தீலே மாடுலஸ் எனக்கு மனப்பாடம். உடனே போர்டில் கோளத்துக்கு ஷெல் பேலன்ஸ் (ஒரு மெல்லிய அடுக்குக்கான வரவு செலவுக் கணக்கு) எழுதி, டிஃபரென்ஷியல் சமன்பாட்டைத் தீர்க்கப் போய், பாதியில் ஒரு குறி தப்பி, அதைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விட்டது.

அவர் அதைக் கேட்கவே இல்லை. வினை வேகமாக நடக்கிறது, பரவல் மெதுவாக நடக்கிறது, வினைபடுபொருள் பெல்லட்டின் நடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. வேலை செய்வது மேல்தோல் மட்டும். உருண்டை பெரிதானாலும் அந்தத் தோலின் தடிமன் அப்படியே இருக்கும், ஆனால் மொத்தத்தில் அதன் பங்கு ஆரத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும், அதனால்தான் வேகம் சரியாகப் பாதி. இவ்வளவுதான் பதில். இதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: இந்த நிலையில் வெப்பநிலையை மாற்றி ஆக்டிவேஷன் எனர்ஜி (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) அளந்தால் என்ன கிடைக்கும்? உண்மையான மதிப்பில் ஏறக்குறைய பாதி, ஏனென்றால் அளக்கும் வேகம் வினை மாறிலியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, பரவல் குணகம் வெப்பநிலையோடு அவ்வளவாக மாறாது. எப்படி உறுதி செய்வாய்? பெல்லட்டை நொறுக்கி மறுபடி அளப்பேன், எந்த அளவுக்குக் கீழே போனால் வேகம் மாறுவது நிற்கிறதோ அங்கே உண்மையான கைனெடிக்ஸ் தெரியும்.

அதன் பிறகு படிக்கும் முறையை மாற்றினேன், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வாய்விட்டுப் பேசிப் படியுங்கள். மூன்று பேர் சேருங்கள், வாரம் இரண்டு தடவை காலி வகுப்பறையில் ஒருவர் கேட்க ஒருவர் போர்டில் நிற்க, ஆளுக்கு இருபது நிமிடம், நோட்டு கூடாது. முதலில் படம் வரையுங்கள், எல்லைகளைக் குறியுங்கள், எது மாறாமல் காக்கப்படுகிறது என்று சொல்லுங்கள், எதை ஒதுக்குகிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள், ஒரு அளவு மிகப் பெரியதாக இருந்தால் என்ன ஆகும், மிகச் சிறியதாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள், சமன்பாடு அதற்கப்புறம். தெரியாத இடத்தில் "இது எனக்கு நினைவில்லை, ஆனால் இங்கிருந்து வருவித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. மௌனமாக நிற்பதுதான் கெடுக்கும்.

தினமும் ஒரு சின்ன மதிப்பீடு போட்டுப் பழகுங்கள். எனக்குப் பிடித்தது இட்லி. மாவில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் வெப்பம் உள்ளே எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் வெப்பப் பரவல் எண்ணை நொடிக்கு 0.14 சதுர மில்லிமீட்டர் என்று வைக்கலாம். இரண்டு பக்கமும் ஆவி, அரைத் தடிமன் 12 மில்லிமீட்டர். நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 12இன் வர்க்கமான 144ஐ 0.14ஆல் வகுத்தால் சுமார் 1000 நொடி. வெப்பச் சமன்பாட்டின் தொடர் தீர்வில் முதல் உறுப்பை எடுத்தால் அதை இன்னும் இரண்டரையால் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 7 நிமிடம். வீட்டில் பத்து நிமிடத்தை ஒட்டித்தான் இறக்குகிறோம். தடிமன் இரட்டித்தால் நேரம் நாலு மடங்கு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தெர்மோவிலும் இப்படித்தான், எத்தனால் தண்ணீர்க் கலவையைக் காய்ச்சி வடிக்கும்போது எத்தனால் எடையில் 95.6 சதவீதத்தில் ஏன் நின்றுவிடுகிறது என்பதை ஒரு வரைபடத்தோடு ஐந்து நிமிடம் சொல்ல முடிந்தால் ஆக்டிவிட்டி கோஎஃபிஷியண்ட் (கலவை லட்சியக் கலவையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

கேண்டிடசி வேறு மாதிரி. இங்கே பாடம் குறைவு, தீர்மானம் அதிகம். புரபோசலில், அதாவது எழுதிக் கொடுக்கும் ஆராய்ச்சித் திட்டத்தில், நிறையப் பேர் செய்யும் தவறு, முதல் நோக்கம் வெற்றி பெற்றால்தான் இரண்டாவது நடக்கும் என்று எழுதுவது. கமிட்டி முதலில் கை வைப்பது அங்கேதான். முதல் கேட்டலிஸ்ட் வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வீர்கள், எத்தனை மாதம் கழித்துக் கைவிடுவீர்கள், எந்த அளவீட்டைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் ஆரம்ப டேட்டாவில் கார்பன் பேலன்ஸ் (உள்ளே போன கார்பனில் வெளியே கணக்கில் வந்தது) 85 சதவீதம்தான் வருகிறது என்றால் அதை மறைக்காமல் ஸ்லைடிலேயே போட்டு, மீதி எங்கே போயிருக்கலாம் என்று சொல்லுங்கள். அவர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள்.

கமிட்டியில் இருக்கும் ஒவ்வொருவரையும் தேர்வுக்கு முன் ஒரு முறை தனியாகப் போய்ப் பாருங்கள், புரபோசலின் ஒரு பக்கச் சுருக்கத்தோடு. அரை மணி நேரத்தில் அவருடைய கவலை எது என்று தெரிந்துவிடும். ஒத்திகைக்கு உங்கள் லேபில் இல்லாதவர்களைக் கூப்பிடுங்கள், இரண்டாவது ஸ்லைடிலேயே குறுக்கிடச் சொல்லுங்கள். உண்மையான தேர்வில் நாற்பது ஸ்லைடு வைத்திருப்பவர் பல சமயம் பதினைந்தைத் தாண்டுவதில்லை, அதனால் முக்கியமான படத்தைக் கடைசிக்கு ஒளித்து வைக்காதீர்கள்.

தேர்வு முடிந்ததும் அறையை விட்டு வெளியே அனுப்புவார்கள், அந்தக் காத்திருப்பு நீளமாகத்தான் தெரியும். உள்ளே அழைத்துத் தேறிவிட்டதாகச் சொன்னால், அங்கேயே படிவத்தில் எல்லோருடைய கையெழுத்தையும் வாங்கி, அவர்கள் கேட்ட திருத்தங்களை அன்று மாலையே எழுதி அட்வைசருக்கு அனுப்பிவிடுங்கள்.