ஃபாப்யன் ஹாஃப்னரின் நூல்களைத் தேடிப் பட்டியலிடுவது எப்படி?

ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்து ஸ்லோவேனியச் சிறுபான்மைக் கவிஞர் ஃபாப்யன் ஹாஃப்னர் (1966–2016). நூலகத் தேடலில் அவர் பெயரை ‘ஆசிரியர்’ கட்டத்தில் மட்டும் போட்டால் பாதிதான் கிடைக்கும். அவர் செய்த மொழிபெயர்ப்புகள் மூல ஆசிரியர் பெயரில் பதிவாகியிருக்கும்; அதனால் ‘பங்களிப்பாளர்’ கட்டத்திலும் தேடுங்கள். அவர் ஜெர்மனில் தந்த ஸ்லோவேனியக் கவிஞர் தோமாஷ் ஷாலமுனின் கவிதைகள் அப்படித்தான் அகப்படும்.

ஷாலமுன் பெயரின் முதலெழுத்தான எஸ்ஸின் தலையில் ஒரு சிறு கொக்கி உண்டு. ஸ்லோவேனிய அகரவரிசையில் அது தனி எழுத்து. சாதாரண எஸ்ஸில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லா எஸ் பெயர்களும் முடிந்தபிறகே அது வரும்.

கரிந்தியாவின் தலைநகருக்குப் பெயரும் இரட்டை: ஜெர்மனில் கிளாகன்ஃபுர்ட், ஸ்லோவேனியத்தில் செலோவெட்ஸ். இரண்டிலும் தேடுங்கள்.

பட்டியலில் ஆண்டு, பதிப்பகம், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்ற மூன்றும் போதும். இருமொழிப் பதிப்பானால் தலைப்புத் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள்: இரண்டு வடிவமும் கவிஞருடையவையா, வேறொருவர் பெயர்த்ததா? இதைப் பார்க்காமல் விட்டால் ஒரே கவிதை இரண்டாகக் கணக்காகிவிடும். ஆஸ்திரிய எழுத்தாளர் பீட்டர் ஹாண்ட்கே பற்றி ஹாஃப்னர் எழுதிய 2008ஆம் ஆண்டு ஆய்வு நூலை உரைநடை என்று தனியே வையுங்கள். ஹாண்ட்கேயின் தாயும் கரிந்திய ஸ்லோவேனியரே என்பதால், அதைப் படிக்காமல் தாண்டுவது நஷ்டம்.