கொலையை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவரும்போது

கிரைம் நாவலை முதல்முறை திரைக்கதையாக்குகிறவர்கள், நாங்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். நீளம், பாட்டு, காமெடி பற்றி எல்லோரும் சொல்வார்கள். இங்கே அவை வேண்டாம்.

உரிமை

வாய்ப்பேச்சு போதாது. எழுத்தாளரோ வாரிசோ கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். கால அளவு எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான். எந்த நாடுகள் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான்.

'அவன்'

"அவன் கதவைத் திறந்தான்" என்று நாவலில் மறைத்துவிடலாம். கேமராவில் கை, நடை, உயரம் எல்லாம் தெரிந்துவிடும். நிழலையும் கையுறையையும் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்ட முடியாது. கொலை முடிந்த அறைக்குள் போலீஸ் நுழைவதிலிருந்து காட்சியைத் தொடங்குங்கள்.

ஊரை மட்டும் மாற்றுவது

பணத்தைத் தின்கிற தவறு இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை. கொடைக்கானலில் நடக்கிற நாவலை, பாம்பன் பாலம் அழகாக இருக்கிறது என்று ராமேஸ்வரத்துக்குத் தூக்கிவருவார்கள். கொலை நடக்கும் மாதத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

உதாரணமாக, ஒரு மே மாத இரவு. கொலைகாரன் உடலை விசைப்படகில் ஏற்றிக் கடலுக்குப் போகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் தொழிலுக்குப் போகாது. பாதிப் படகுகள் கரையேறி மராமத்தில் இருக்கும். அந்த அமைதியில் ஒரு என்ஜின் சத்தம் கேட்டால் கரையே எழுந்துவிடும். எடுத்து முடித்தபின் இது தெரிந்தால் படகு வாடகை, இரவு லைட், ஆள் சம்பளம் எல்லாம் மறுபடியும்.

ஆகவே முதல் காட்சிக்கு முன்பே ஒரு பெரிய தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, காற்று, படகு, யார் எங்கே. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் இது தலைகீழ். உடல் எந்தக் கரையில் ஒதுங்கும் என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடல் வற்றியதும் உடல் வெளியே தெரிகிற காட்சியும் இங்கே எடுபடாது. நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது.

மே மாதம்தான் வேண்டுமென்றால் நாட்டுப்படகுக்கு மாறுங்கள், அதற்குத் தடை இல்லை. இல்லையென்றால் தடைக்காலத்தையே துப்பாக மாற்றுங்கள். ஒரு மாதம் நீரில் கட்டிக் கிடந்து, இப்போது கரையேற்றிய படகுகள். புரொபெல்லர்களில் எல்லாம் பாசி. ஒன்றில் மட்டும் பித்தளை பளபளக்கிறது. இன்ஸ்பெக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டால் போதும், நாவலில் நான்கு பக்கம் நீளும் யோசனை ஒரே ஷாட்டில் முடிந்துவிடும்.

வாக்குமூலம்

"ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டான், கேஸ் முடிந்தது" என்று எழுதாதீர்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அவன் சொன்ன இடத்தில் எடுத்த கத்தி செல்லும். கொலை 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தால் அதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302 அல்ல, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. பழைய நாவலின் எண்ணை அப்படியே வசனத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பேச்சு

மதுரைப் பேச்சைக் கரைக்குக் கொண்டுவராதீர்கள். கீழக்கரை முஸ்லிம் வீட்டில் அண்ணன் 'காக்கா'.

தீவுகள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி கைக்கு வரும்வரை அங்கே ஒரு காட்சியும் எழுதாதீர்கள்.