பறவைகளுக்கு ஒரு தீனி மேடை: வாங்குவதிலிருந்து கழுவுவது வரை

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த தீனி மேடை பார்க்க அவ்வளவு அழகு. சரிந்த கூரை, சின்ன சன்னல், மஞ்சள் பெயின்ட் என்று பொம்மை வீடு மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் பத்து நாள் நனைந்ததும் மூலையில் தங்கிய கம்பு முளைவிட்டது. அடிப்பலகையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. உள்ளே கை நுழையவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே அதைக் கழற்றிப் போட்டேன்.

அதனால் புதிதாக மேடை வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'கழுவ முடியுமா?' என்பதுதான்.

1. மேடையைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் தட்டையான பலகை போதும். சுற்றிலும் அரை அங்குல விளிம்பு இருக்கட்டும், தீனி காற்றில் பறக்காது. ஆனால் நான்கு மூலைகளிலும் விளிம்பு சேராமல் விரல் அளவு இடைவெளி விடவேண்டும். மழைத்தண்ணீர் வடிவதும் உமியைத் தள்ளிவிடுவதும் அந்த வழியாகத்தான். கூரை இருந்தால் நல்லது, ஆனால் அது கழற்றும்படி இருக்கவேண்டும்.

மரம் என்றால் பழைய தேக்குப் பலகை, பலா, வேம்பு எதுவும் சரி. ப்ளைவுட் வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் உப்பிப் பிரிந்துவிடும். தீனி படும் பக்கத்தில் பெயின்டும் வார்னிஷும் வேண்டாம்.

செலவே செய்யாமல் தொடங்க வேண்டுமா? பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கயிறு கட்டி உறி மாதிரி மாமரக் கிளையில் தொங்கவிட்டால் அதுவே மேடை. எவர்சில்வர் தாம்பாளமும் வைக்கலாம், ஆனால் வெயிலில் காய்ந்தால் பறவை கால் வைக்காது. அதை நிழலில்தான் வைக்கவேண்டும்.

2. இடம் பார்த்தல்

பூனையை நினைத்துக்கொண்டு இடம் பாருங்கள். கம்பத்தின் மேல் வைப்பதானால் ஐந்தடி உயரம். பூனை பதுங்கக்கூடிய புதர், ஏறித் தாவக்கூடிய மதில் இரண்டிலிருந்தும் ஆறேழு அடி தள்ளி இருக்கட்டும். அதற்காக நட்டநடு வெட்டவெளியிலும் வேண்டாம். வல்லூறு வந்தால் சிட்டுக்குருவி ஓடி ஒளிய, பத்துப் பன்னிரண்டடி தூரத்தில் ஒரு மரமோ செடியோ வேண்டும்.

பெரிய கண்ணாடி சன்னல் இருந்தால் கவனம். கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜ வானம் என்று நினைத்து வந்து மோதும். மேடையைச் சன்னலுக்கு மூன்றடிக்குள் வைத்தால் பறவைக்கு வேகம் பிடிக்க இடமிருக்காது. இல்லையென்றால் முப்பதடிக்கு அப்பால் கொண்டுபோய்விடுங்கள்.

3. எறும்பு, எலி, அணில்

தொங்கும் தட்டு என்றால், கட்டும் கயிற்றின் நடுவே ஒரு கொட்டாங்கச்சியைக் கோத்து, ஓட்டையை மெழுகால் அடைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். எறும்பு தாண்டாது. கம்பத்தில் கிரீஸ் தடவ வேண்டாம், இறகில் ஒட்டினால் பறவைக்கு ஆபத்து. எலிக்கு ஒரே மருந்து, இருட்டுவதற்குள் மிச்சத் தீனியை எடுத்துவிடுவது. எலி வந்தால் அதைத் தேடிப் பாம்பும் வரும். அணிலை நான் விரட்டுவதில்லை. அதுவும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

4. தீனி

கம்பு, தினை, சாமை, நொய்யரிசி. சிட்டுக்குருவி, புள்ளிப்புறா, தவிட்டுக்குருவி எல்லாம் இவற்றுக்கு வரும். தவிட்டுக்குருவி தனியாக வராது, ஏழெட்டாகக் கூட்டமாக வந்து கத்தித் தீர்க்கும். பழுத்த வாழை, பப்பாளி, கொய்யா வைத்தால் சின்னான் என்ற கொண்டைக்குருவியும் மைனாவும் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் குயிலும் வரும். தேன்சிட்டு மேடைக்கு வராது. அதற்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நட்டு வையுங்கள்.

மிக்சர், முறுக்கு, உப்புப் போட்ட சாதம், ஊறுகாய் பட்ட மிச்சம் எதுவும் வேண்டாம். வேர்க்கடலை தரலாம், ஆனால் வறுக்காதது, உப்பில்லாதது, பூஞ்சை பிடிக்காதது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். நமக்கு ஆகாத கடலை பறவைக்கும் ஆகாது.

அளவுதான் முக்கியம். காலையில் ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் மறுநாள் குறையுங்கள்.

காகத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அம்மா தினமும் மதில்மேல் வைக்கும் சோறு அதன் பங்கு. மேடையில் தானியம் மட்டும் வைத்தால் அதற்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது. மாடப்புறா கூட்டமாக வரத் தொடங்கினால் மட்டும் ஒரு வாரம் தீனியை நிறுத்திவிடுங்கள். காய்ந்த புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் பாதிக்கும்.

5. தண்ணீர்

வாயகன்ற மண் சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு கல் வைத்தால் சின்னக் குருவியும் நின்று குளிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். மாற்றினால் மட்டும் போதாது, வாரம் இரண்டு முறை உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும். டெங்கு பரப்பும் கொசு, முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டவைக்கும். சட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

6. கழுவுதல்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் சாப்பிட்டு, அங்கேயே எச்சமிட்டு, எச்சில் பட்ட தானியத்தை உமிழ்ந்துவிட்டுப் போகும். நோய்க்கு இதைவிட வசதி வேண்டுமா? பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் தீனி மேடை வைக்கும் நாடு அது. 2005 வாக்கில் அங்கே கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைநிறக் குருவிகளிடம் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பரவியது. அதற்கு முன்பு அது பெரும்பாலும் புறாக்களிடம் காணப்பட்டது. தொண்டையில் புண் வந்து, விழுங்க முடியாமல் குருவி சாகும். அது பரவ எச்சில் பட்ட தீனியும் தண்ணீருமே போதும். ஊரெங்கும் சாதாரணமாகத் தெரிந்த அந்தக் குருவியை 2021இல் அங்கே மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

தினமும் உமியையும் எச்சத்தையும் துடைத்துத் தள்ளுங்கள். வாரம் ஒருமுறை முழுக் குளியல். கையுறை, மூக்கில் துணி. எச்சம் காய்ந்திருந்தால் முதலில் நனைத்துவிட்டுத் தேயுங்கள், தூசி கிளம்பாது. சோப்புத் தண்ணீரில் தேய்த்து அலசியபின், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிளீச்சோடு கழிப்பறை ஆசிடைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். அப்புறம் வாசனை போகும்வரை அலசி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகுதான் தீனி. பாத்திரம் தேய்க்கும் நாரையும் தொட்டியையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆள் வந்தாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு வாரத்துக்கு நிறுத்தம். கூட்டம் கலைந்தாலே பரவுவது குறையும். ஒரே சமயத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒரு குருவிகூட வராமல் போகலாம். எங்கள் வீட்டில் பதினோராம் நாள்தான் ஒரு மைனா வந்தது, அதுவும் தீனியைத் தொடவில்லை. தினமும் அதே நேரத்துக்கு வையுங்கள், பழகிவிடும். ஊருக்குப் போவதானால் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். அவை பட்டினி கிடக்காது, நம் மேடை அவற்றுக்கு வழியில் ஒரு டீக்கடை மாதிரிதான்.